நடுவழியில் இருந்த ஊர்: வெள்ளகெவியின் பாதையும் தலைக்கணக்கும்

1821ஆம் ஆண்டு லெப்டினன்ட் பி.எஸ். வார்டு என்ற ஆங்கிலேய நில அளவையாளர் பழனி மலையை அளக்க வந்தார். திருவிதாங்கூர், கொச்சி அளவைப் பணியில் ஏற்கெனவே பெயர் பெற்றவர். மலையடிவாரத்துப் பெரியகுளத்தில் தங்கியோ, மேட்டு நிலத்தில் கொட்டகை போட்டோ அவர் வேலையைத் தொடங்கவில்லை. பாதி மலையில் இருந்த குன்னுவர் ஊரான வெள்ளகெவியில் முகாம் அமைத்தார். இன்றைய கொடைக்கானல் இருக்கும் மேட்டுக்கு அங்கிருந்துதான் ஏறினார். ஒழுங்காக அமைந்த ஊர்களில் ஏறத்தாழ 4,000 பேர் அம்மலையில் வாழ்கிறார்கள் என்பது அவர் எழுதிவைத்த செய்தி. அப்போது கொடைக்கானல் என்று ஒரு நகரம் இல்லை. தெற்கிலிருந்து மலையேறுபவனுக்கு வெள்ளகெவியே முகப்பாக இருந்தது.

அதே வெள்ளகெவி இன்று பத்திரிகையில் இடம்பெறுவது ‘சாலையே இல்லாத கிராமம்’ என்ற தலைப்பின் கீழ். நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள், அரிசி மூட்டை குதிரை முதுகில் போகிறது, ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை என்ற மூன்று செய்திகளைச் சுற்றியே அந்தக் கட்டுரைகள் எழுதப்படுகின்றன. மலைமேல் இருக்கும் கொடைக்கானல் நகராட்சியில் 2011 கணக்கெடுப்பின்படி 36,501 பேர். கீழே பெரியகுளம். இரண்டுக்கும் நடுவில், சில நூறு பேரோடு, சக்கரம் தொடாத ஓர் ஊர்.

இந்த நிலையைப் பழைமையின் மிச்சம் என்று படிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வளர்ச்சி எல்லா இடத்துக்கும் ஒரே திசையில் வந்துகொண்டிருக்கிறது, இவ்வூருக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை என்பது அந்த வாசிப்பு. ஆவணங்கள் வேறு கதையைச் சொல்கின்றன. வெள்ளகெவியின் எட்டாத்தன்மை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வயதுடையது. அதை முதலில் உண்டாக்கியது ஒரு மலைச்சாலை. பின்னர் நிலைநிறுத்தியது தலைக்கணக்கு. இவ்விரண்டும் எப்படி நடந்தன என்பதைத் தேடுவதே இக்கட்டுரையின் வேலை.

ஊர்ப்பெயர் பற்றி ஒரு சொல். ஆங்கில ஆவணங்களின் எழுத்துக்கூட்டலைப் பின்பற்றி ‘வெள்ளகவி’ என்று எழுதுவோர் உண்டு. ‘கெவி’ குகையையும் ஆழ்ந்த பள்ளத்தையும் குறிக்கும் சொல். மாதா கோயில் வளாகங்களில் நாம் காணும் ‘கெபி’ அதன் உறவு. மலைச்சரிவில் அமைந்த ஊருக்கு இதுவே பொருந்துவதால் இங்கு வெள்ளகெவி என்றே எழுதுகிறேன்.

நடையால் அளந்த மலை

பழனி மலையின் உழுகுடிகளான குன்னுவர், தம் முன்னோர் தாராபுரம், காங்கயம் பக்கத்திலிருந்து வந்த வேளாளர் என்று சொல்லிவந்ததை எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். சமவெளியில் போர் மூண்டதால் ஏறினார்கள் என்று ஒரு வழக்கு, பஞ்சத்தால் ஏறினார்கள் என்று இன்னொரு வழக்கு. அவர்களுக்கு முன்பே அம்மலையில் பளியர் இருந்தார்கள். எந்த வழக்கை ஏற்றாலும் ஒன்று தெளிவு: மலை ஒதுக்குப்புறமாக இருந்ததால்தான் அங்கே போனார்கள், ஆனால் போனபின் சமவெளியை விட்டுவிடவில்லை. உப்பும் இரும்பும் துணியும் கீழிருந்து வந்தாக வேண்டும். மலையின் ஒவ்வொரு சரிவிலும் ஒற்றையடிப் பாதைகள் விழுந்தது அப்படித்தான். பழனிப் பக்கம் சில, வத்தலக்குண்டுப் பக்கம் சில, பெரியகுளம் பக்கம் சில. இன்று மலையேற்றக்காரர்கள் விரும்பி நடக்கும் வட்டக்கானல்–வெள்ளகெவி–கும்பக்கரை வழி பெரியகுளம் பக்கத்துப் பாதைகளில் ஒன்று.

வார்டுக்குப் பின் வந்த வெள்ளையரும் இதே தெற்குச் சரிவைத்தான் நாடினார்கள். 1834இல் மதுரை உதவிக் கலெக்டர் ராட்டனும் வருவாய் வாரிய உறுப்பினர் காட்டனும் தேவதானப்பட்டியிலிருந்து ஏறி, அடுக்கம் கணவாயின் தலைப்பில், செண்பகனூரில் ஒரு சிறு பங்களா கட்டினார்கள். 1836இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் வந்தார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் இரண்டு பங்களாக்களை எழுப்பியது. காய்ச்சலில் மனைவி மக்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த பாதிரிமார்களுக்குக் குளிர்ந்த மேடு ஒரு மருந்தாகத் தோன்றியது. மதுரைக் கலெக்டர் வியர் லெவிஞ்சு 1863இல் ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். அதில் விட்ட முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. சக்கரம் போகும் பாதை அப்போது மலைக்கு இல்லை என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் படகை ஒரு நிமிடம் கற்பனை செய்யலாம்.

1875இல் ரயில் பாதை மதுரையை எட்டியது. அம்மையநாயக்கனூரில் ஒரு நிலையம் அமைந்தது. அதுவே இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கே இறங்கியவர்கள் மாட்டு வண்டியில் 33 மைல் போய், பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பை அடைவார்கள். வண்டிப் பயணம் பெரும்பாலும் இரவில். வெயிலுக்கு முன் ஏறத் தொடங்க வேண்டுமே. தோப்பிலிருந்து 11 மைல் மலையேற்றம். துரைமார் மட்டக்குதிரையில், துரைசானிகளும் குழந்தைகளும் டோலியில் அல்லது நாற்காலியில், சாமான்கள் கூலியாட்களின் தலையில். அப்பாதைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே ‘கூலி காட்’. பாதைக்கு அதில் சுமை தூக்கியவர்களின் பெயர் வாய்ப்பது அபூர்வம். இங்கே வாய்த்தது, அதுவும் மரியாதையால் அல்ல.

இதன் நேரக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் 1892இல் ஒரு வாய்பாடு சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி. தோப்பிலிருந்து கொடைக்கானல் மேடு ஏறத்தாழ 6,000 அடி ஏற்றம். 11 மைலுக்கு மூன்றரை மணிக்குச் சற்று மேல், ஏற்றத்துக்கு மூன்று மணி. ஆக ஏறக்குறைய ஆறே முக்கால் மணி நேரம். சுமையில்லாத, பழகிய காலுக்கு இது. சுமைகூலிக்கு இன்னும் கூடும். நடையே எல்லோருக்கும் அளவாக இருந்த அக்காலத்தில் மலை உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையில் இருந்த ஊர் தொலைவில் இருந்ததாகாது. பாதி வழியில் இருந்தது. தண்ணீர் குடிக்க, சுமை இறக்க, ஆள் மாற்ற, இரவு தங்கப் பாதி வழி ஊர் தேவைப்பட்டது. வார்டு அங்கே முகாமிட்டதன் காரணமும் அதுவாகவே இருக்கலாம்.

நடைப்பாதையின் வலிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பதற்கு ஒரு சான்று வேண்டுமானால், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைச் சொல்வேன். 1899இல் நிறுவப்பட்டு 1901இலிருந்து சூரியனைக் கண்காணித்துவரும் நிலையம் அது. ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு நகரும் விதத்தைக் கண்டறிந்தது அங்கேதான். அவர் பெயராலேயே அந்த விளைவு இன்றும் அழைக்கப்படுகிறது. அப்போது அந்த மேட்டுக்கு முழுமையான வண்டிப்பாதை இல்லை. உலகத் தரமான கண்ணாடி வில்லைகளும் இரும்புச் சட்டங்களும் ஏறி வந்த மலை அது. போக்குவரத்து வசதி என்பது சாலையின் வேறு பெயர் என்று நினைப்பவர்கள் இந்த ஆய்வகத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதோடு, அந்த வசதி யாருடைய கழுத்திலும் முதுகிலும் நின்றது என்பதையும் சேர்க்க வேண்டும். நடைப்பாதைக் காலத்தைப் பொற்காலமாக்குவது என் நோக்கம் இல்லை.

சக்கரம் தேர்ந்த சரிவு

நடப்பவனுக்கும் சக்கரத்துக்கும் மலை ஒன்றல்ல. மனிதன் நேரே ஏறுவான். மூச்சு வாங்கினால் நிற்பான். பாரவண்டி அப்படி ஏறாது. இன்றும் மலைச்சாலை போடும் பொறியாளர்கள் இயன்றவரை 20 மீட்டர் ஓட்டத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றம் வைப்பதில்லை. எனவே சக்கரப்பாதைக்குத் தேவை குறுகிய வழி அல்ல, நீண்டு தாழ்ந்து வளைந்து போக இடம் தரும் சரிவு. பழனி மலையின் தெற்கு முகம் பெரியகுளம் பள்ளத்தாக்குக்குள் செங்குத்தாக விழுகிறது. நடையர்களுக்கு அதுவே குறுக்குவழி. வண்டிக்கு அது சுவர். கிழக்கில் வத்தலக்குண்டுப் பக்கமோ மலை படிப்படியாகத் தாழ்கிறது.

மேஜர் லா என்ற பொறியாளர் வகுத்த தடத்தில் வத்தலக்குண்டிலிருந்து மலைச்சாலை போடப்பட்டது. நெடுங்காலம் இழுபட்ட வேலை அது. முதல் உலகப்போர்க் காலத்தில், 1910களின் நடுவில்தான் வாகனங்கள் மேடு வரை ஏறின. அவர் பெயரால் அது ‘லாஸ் காட்’ எனப்பட்டது. கூலி காட்டிலிருந்து லாஸ் காட்டுக்கு: சுமந்தவனின் பெயர் போய், வரைந்தவனின் பெயர் வந்தது. அத்தோடு ஒரு மலைத்தொடரின் முன்வாசல் தெற்கிலிருந்து கிழக்குக்கு மாறியது.

இந்த மாற்றத்தை எண்களிலும் காணலாம். 1901 கணக்கெடுப்பில் கொடைக்கானல் இரண்டாயிரம் பேரைக்கூட எட்டாத ஊர். சீசன் தொடங்குமுன் மார்ச்சில் எண்ணியதால் பங்களாக்காரர்கள் அந்தக் கணக்கில் இல்லை. 110 ஆண்டுகளில் அது பதினெட்டு மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. புதுச்சாலையின் ஓரத்தில் இருந்த ஊத்து, பெருமாள்மலை போன்ற இடங்கள் பேருந்து நிற்கும் ஊர்களாயின. காப்பியும் வாழையும் ஆரஞ்சும் லாரி ஏறின. தெற்குச் சரிவின் பாதைகளில் கூட்டம் வற்றியது. சுமைக்கு ஆள் கேட்டு யாரும் வரவில்லை. வெள்ளகெவி இருந்த இடத்திலேயே இருக்க, அதன் வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்த உலகம் மலையின் மறுபக்கத்தைச் சுற்றிப் போகத் தொடங்கியது.

இங்கே ஓர் ஒப்பீடு உதவும். 1834இல் ராட்டனும் காட்டனும் ஏறிய அடுக்கமும் இதே தெற்குச் சரிவின் ஊர்தான். லாஸ் காட் அதையும் ஒதுக்கியது. ஆனால் பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாகப் பெருமாள்மலையைத் தொடும் சாலை நம் காலத்தில் போடப்பட்டிருக்கிறது. மழைக்கு மண்சரிந்து அடிக்கடி அடைபடும் சாலை, இருந்தாலும் சாலை. ஆக, தெற்குச் சரிவில் சக்கரமே ஏறாது என்ற பொறியியல் வாதம் மட்டும் வெள்ளகெவிக்கு விடை சொல்லாது. அடுக்கம் இரண்டு பெரிய இடங்களை இணைக்கும் வழியில் விழுகிறது. வெள்ளகெவிக்குச் சாலை போட்டால் அது பெரும்பாலும் வெள்ளகெவிக்காகவே போட்ட சாலையாக இருக்கும். ‘எத்தனை பேருக்காக?’ என்ற கேள்வி அங்கே எழுகிறது. அந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு.

எத்தனை பேர் இருந்தால் ஒரு சாலை?

இந்தியாவில் ஊருக்குச் சாலை என்ற எண்ணம் முதலில் தூரத்தால் அளக்கப்பட்டது. 1943 டிசம்பரில் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள், விவசாயம் வளர்ந்த பகுதியில் எந்தக் கிராமமும் சாலையிலிருந்து 5 மைலுக்கு மேல் விலகி இருக்கக் கூடாது என்று குறி வைத்தார்கள். 1961இல் தொடங்கிய அடுத்த இருபதாண்டுத் திட்டம் அத்தூரத்தைச் சுருக்கியது. 1981–2001 திட்டத்தில்தான் அளவுகோல் மாறியது: 500 பேருக்கு மேல் வாழும் ஊர்களுக்கெல்லாம் சாலை. தூரத்தை அளந்தவர்கள் தலையை எண்ண ஆரம்பித்தார்கள்.

2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் இதை விதியாகவே எழுதியது. சமவெளியில் 500 பேர் கொண்ட குடியிருப்பு. மலை மாநிலங்கள், பாலைவனப் பகுதி, அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி ஆகியவற்றில் 250 பேர். இந்த வாசகத்தை நிறுத்திப் படிக்க வேண்டும். சலுகை மலைக்குத் தரப்படவில்லை, மலை மாநிலங்களுக்குத் தரப்பட்டிருக்கிறது. இமாசலத்தின் 260 பேர் குடியிருப்பு தகுதி பெறும். பழனி மலையின் 260 பேர் குடியிருப்பு தமிழ்நாட்டில் இருப்பதால் சமவெளிக் கணக்கில் சேரும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை; எனவே அந்தக் கதவும் மூடியே இருக்கிறது. 2024இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டம் 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கிலோமீட்டர் சாலை என்று பெரிய இலக்கு வைத்து, 2011 தலைக்கணக்கை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. 500, 250 என்ற அடிப்படைப் பிரிவினை அதிலும் தொடர்கிறது.

மற்றொரு வாசல் பழங்குடிகளுக்கானது. 2023இல் வந்த ஜன்மன் திட்டம், மிகவும் பின்தங்கிய நிலையில் உள்ள பழங்குடிக் குழுக்களின் குடியிருப்பில் 100 பேர் இருந்தாலே சாலை தரும். தமிழ்நாட்டில் அப்பட்டியலில் இருப்போர் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். பழனி மலையின் பளியர் அதில் இல்லை. குன்னுவரோ பழங்குடிப் பட்டியலிலேயே இல்லை. ஒரே மலையின் ஒரே சரிவில், ஒரே பாதையில் சுமை தூக்குகிறவர்களை நிர்வாகப் பட்டியல்கள் இப்படிப் பல வகையாகப் பிரிக்கின்றன.

குடியிருப்பு என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. கணக்கெடுப்பு எண்ணுவது வருவாய்க் கிராமத்தை. சாலைத் திட்டம் கேட்பது குடியிருப்பை. சமவெளியில் 500 மீட்டர் ஆரத்துக்குள்ளும், மலையில் பாதைவழி ஒன்றரை கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் குடியிருப்புகளைக் கூட்டி ஒன்றாக எண்ணலாம் என்று விதி இடம் தருகிறது. நெல்வயல் நாட்டில் ஊரும் சேரியும் காலனியும் சேர்ந்து 500ஐத் தாண்டிவிடும். மலைச்சரிவில் தோட்டத்துக்கு ஒன்றாகச் சிதறிய உட்கடை ஊர்கள் ஒன்றரை கிலோமீட்டருக்குள் அடங்குவதில்லை. வெள்ளகெவி தனி ஊராட்சியாக இருந்தும், அதன் பகுதிகள் தனித்தனியே எண்ணப்படும்போது ஒவ்வொன்றும் சிறுத்துவிடுகின்றன.

எண்ணும் முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் கணக்கெடுப்பு ஆளை அவர் வழக்கமாக வாழும் இடத்தில் எண்ணுகிறது. ஆனால் கணக்கெடுக்கும் நாட்கள் முழுவதும் வேறிடத்தில் இருந்தவரை அந்த வேறிடத்தில்தான் எண்ணும். 2011இல் அந்த நாட்கள் பிப்ரவரி 9 முதல் 28 வரை. பள்ளிக்கூடம் இருக்கும் ஊரில் விடுதியில் தங்கிய பிள்ளை, கீழே அறுப்புக்கோ கட்டட வேலைக்கோ போயிருந்த தகப்பன், பிரசவத்துக்குப் பெரியகுளத்தில் உறவினர் வீட்டில் முன்கூட்டியே போய்க் காத்திருந்த பெண், இவர்கள் எல்லோரும் ஊரின் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். இவர்கள் ஊரில் இல்லாததற்குக் காரணம் பெரும்பாலும் சாலை இல்லாததே. சாலை இல்லாததால் ஆள் போகிறார். ஆள் போனதால் கணக்கு குறைகிறது. கணக்கு குறைந்ததால் சாலைக்குத் தகுதி இல்லை. தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு போன்ற இந்த விதியை எந்தத் தனி அதிகாரியும் தீமை கருதி எழுதவில்லை. சமவெளியில் உட்கார்ந்து எழுதினார்கள், அவ்வளவுதான்.

நாடு முழுவதும் 2011இல் ஆள் வாழும் கிராமங்கள் 5,97,608. ஆளே இல்லாத வருவாய்க் கிராமங்கள் 43,000க்கு மேல். அந்த 43,000இல் எல்லாம் ஆள் இருந்து காலியானவை அல்ல. பல, காடும் புறம்போக்குமாக எப்போதும் அப்படியே இருந்தவை. உத்தராகண்ட மலையூர்களில் காலியாவதை ஒரு தனி ஆணையம் வைத்தே ஆராயும் நிலை வந்துவிட்டது. தமிழ்நாட்டு மலைகளில் அந்தப் பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

ஒரு ஹெக்டேர்

தலைக்கணக்கைத் தாண்டினாலும் அடுத்த தடை காடு. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் காட்டு நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்ப மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2013இல் கொடைக்கானல் காடுகளில் 608.95 சதுர கிலோமீட்டர் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் சாலை என்றால் விவாதம் சென்னையோடு முடியாது, டெல்லி வரை போகும்.

இதற்கு ஒரு மாற்றுவழியை 2006 வன உரிமைச் சட்டம் திறந்தது. பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை என 13 வகைத் தேவைகளுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால், கோட்ட வன அலுவலர் மட்டத்திலேயே காட்டு நிலத்தை ஒதுக்கலாம். இரண்டு நிபந்தனைகள்: ஒவ்வொரு தேவைக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. பள்ளிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு ஹெக்டேர் தாராளம். சாலைக்கு?

ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். மூன்று மீட்டர் அகலத்தில் அதை நீட்டினால் 3,333 மீட்டர் வரும். அது வெறும் தார்ப்பட்டை மட்டும். மலையை வெட்டி ஓரம் கட்டி இறக்கும்போது மலைக் கிராமச் சாலைக்கு ஏறக்குறைய 6 மீட்டர் வேண்டும். அப்படியானால் ஒரு ஹெக்டேர் 1,667 மீட்டரிலேயே தீர்ந்துவிடும். இனி ஏற்றத்தைச் சேர்த்துக்கொள்வோம். 600 மீட்டர் உயர வேறுபாட்டை இருபதுக்கு ஒன்று என்ற சாய்வில் கடக்க 12 கிலோமீட்டர் சாலை போட வேண்டும். ஆறு மீட்டர் அகலத்தில் அது 7.2 ஹெக்டேர். ஒற்றையடிப் பாதையோ அதே உயரத்தை இதில் பாதித் தூரத்துக்குள் முடித்துவிடும். ஆக, பழங்குடிகளுக்கும் காடுவாழ் மக்களுக்கும் என்றே எழுதப்பட்ட சட்டம், சமவெளிக் காட்டோர ஊருக்குச் சாலை தருகிறது. மலைச்சரிவின் ஊருக்கு அதில் ஆறில் ஒரு பங்குகூடத் தருவதில்லை.

சாலை வேண்டாம் என்று வாதிடுவோரையும் நான் அறிவேன். கொடைக்கானலைச் சுற்றிச் சாலை போன இடமெல்லாம் விடுதி முளைத்தது, சோலை சுருங்கியது, ஓடையில் பிளாஸ்டிக் சேர்ந்தது என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த வாதத்தைப் பெரும்பாலும் சொல்வது காரில் வத்தலக்குண்டு வழியாக ஏறி, வார இறுதியில் வெள்ளகெவிப் பாதையில் நடந்து, ஊரின் அமைதியைப் படமெடுத்துப் போகிறவர்கள். அவர்கள் ரசிக்கும் பாதையில் ஊர்க்காரர் அரிசி தூக்குகிறார். இருவரும் நடப்பது ஒரே தடம்தான். ஒருவர் திங்கட்கிழமை அலுவலகத்தில் இருப்பார்.

சக்கரமா காலா என்ற இரண்டு தெரிவு மட்டும்தான் உண்டா என்ற கேள்வியும் இருக்கிறது. கல் பாவிய, மழைக்கு வழுக்காத, பொதிக்குதிரை இரண்டு எதிரெதிரே ஒதுங்க இடமுள்ள, ஓடைகளுக்குப் பாலம் கொண்ட ஒரு பாதை 12 கிலோமீட்டர் சாலையைவிட மிகக் குறைந்த நிலத்தில் அடங்கும். நேபாளத்தின் மலை மாவட்டங்கள் நடைப்பாதைத் தொங்குபாலங்களை அரசுத் திட்டமாகவே கட்டி வந்திருக்கின்றன. நம் திட்டங்களில் நடைப்பாதைக்கு அந்த மரியாதை இல்லை. எல்லாக் காலத்துக்குமான சாலை இருந்தால் ‘இணைக்கப்பட்ட’ ஊர், இல்லாவிட்டால் ‘இணைக்கப்படாத’ ஊர். இடைப்பட்ட நிலை எதையும் படிவம் அறியாது.

கிலோமீட்டரும் மணியும்

மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வரி உண்டு. பேருந்து, அஞ்சலகம், ஆரம்ப சுகாதார நிலையம், வங்கி என்று பத்திகள். ஊரில் இல்லாத வசதி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை மூன்று குறிகளால் காட்டுகிறார்கள்: 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10 வரை, 10க்கு மேல். தஞ்சாவூர் வயல்வெளியில் 5 கிலோமீட்டர் என்றால் மிதிவண்டியில் அரை மணி நேரம். செங்குத்துப் பாதையில் அதே 5 கிலோமீட்டர் ஏற இரண்டு மணிக்கு மேல் ஆகும். மழைநாளில், டோலியில் ஆள் இருந்தால், இன்னும் எவ்வளவோ. இரண்டு ஊருக்கும் கையேட்டில் ஒரே எழுத்து. மலைக்காரர்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதே இல்லை. ‘ரெண்டு மணி நேர எறக்கம், மூணு மணி நேர ஏத்தம்’ என்பார்கள். போக ஒரு தூரம், வர ஒரு தூரம். இந்த எளிய உண்மைக்குக் கையேட்டில் பத்தி இல்லை.

பேருந்துத் திட்டங்களும் சாலை இருப்பதை முன்வைத்தே தொடங்குகின்றன. 1972இல் தமிழ்நாடு பேருந்துகளை நாட்டுடைமையாக்கியதும், 1997இல் பேருந்து போகாத ஊர்களுக்கென்றே சிற்றுந்துகளை விட்டதும் இந்தியாவில் பிற மாநிலங்கள் பார்த்துப் பொறாமைப்படும் காரியங்கள். 2021இல் மகளிருக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2024–25 நிதிநிலை அறிக்கை அதை நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கும் விரித்தது. 2025இல் சிற்றுந்துத் திட்டம் புதுப்பிக்கப்பட்டு, தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் ஆயிற்று. இவற்றின் பயன் வெள்ளகெவிப் பெண்ணுக்கு வட்டக்கானல் வரையோ கும்பக்கரை வரையோ நடந்து வந்த பிறகு தொடங்கும்.

விலையில் இது நேரடியாகத் தெரியும். மேலிருந்து இறங்கும் காப்பி, மிளகு, வெண்ணெய்ப்பழம், எலுமிச்சை எல்லாவற்றிலும் குதிரை வாடகை கழியும். கீழிருந்து ஏறும் அரிசி, சிமென்ட், எரிவாயு உருளை எல்லாவற்றிலும் அதே வாடகை கூடும். இரண்டு பக்கமும் நட்டம். எடை குறைந்து விலை கூடிய பயிர்தான் இப்படிப்பட்ட ஊரில் நிற்கும். காப்பியும் மிளகும் நின்றதற்கு மண்ணைப் போலவே குதிரை முதுகும் காரணம். வீடு கட்டுகிறவன் ஒவ்வொரு செங்கல்லையும் இரண்டு விலைக்கு வாங்குகிறான்.

இவ்வளவு இருந்தும் அரசு ஒரு நாளில் மட்டும் தவறாமல் நடந்து ஏறுகிறது. வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நெறி. அதனால் இத்தகைய மலையூர்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் குதிரையிலும் தலையிலும் போகிறது. பத்திரிகைகள் படம் போடுகின்றன. வாக்குச்சாவடிக்குத் தலைக்கணக்கு வரம்பு தடையாவதில்லை. பத்திரிகைப் படங்களுக்கு அப்பால், 2025இல் வெளிவந்த ‘கெவி’ என்ற திரைப்படம் சாலையற்ற மலையூரின் பிரசவ வேதனையைக் கதையாக எடுத்துக்கொண்டது. அந்தப் பெயரைச் சமவெளியில் பலர் முதல்முறையாகக் கேட்டார்கள்.

அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படைத் தேதி 2027 மார்ச் 1. அதற்கு முந்திய வீட்டுப் பட்டியல் பணிக்கு ஒரு கணக்கெடுப்பாளர், அனேகமாக ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர், வட்டக்கானலிலிருந்து இறங்கியோ கும்பக்கரையிலிருந்து ஏறியோ வெள்ளகெவிக்குப் போவார். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றுவார். 2011 வீட்டுப் பட்டியலில் குடும்பத்தின் உடைமைகளைக் கேட்கும் இடத்தில் மிதிவண்டி, ஸ்கூட்டர் அல்லது மோட்டார் சைக்கிள், கார் அல்லது ஜீப் என்று கட்டங்கள் இருந்தன. பொதிக்குதிரைக்குக் கட்டம் இல்லை.